சின்னத்தா கொண்டுவந்த இரும்பு

வெயிலில் கிடந்த இரும்பைப் பிடித்த உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனால் ஒரு வாசம் வரும். துருவும் வியர்வையும் தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெயும் சேர்ந்த வாசம். என் அண்ணன் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்து தண்ணீர்ச் சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு வைத்தால் சொம்பிலும் அது ஒட்டிக்கொள்ளும், அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்தபடியே, "வீடா இது, பட்டறையா" என்று யாரையும் பார்க்காமல் சொல்வார். அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்களாக அந்த வாசம் என் நினைவில்கூட வந்ததில்லை. போன மாதம் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவன் உள்ளங்கையிலிருந்து அது வந்தது.

இர்ஃபான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நாங்கள் திருவானைக்காவலில் இருக்கிறோம், நான் பள்ளிக்கூட ஆசிரியை. என் கணவர், அவனுடைய அத்தா, "சபரில்" இருக்கிறார். வளைகுடாவில் வேலை பார்ப்பதை எங்கள் வீடுகளில் அந்த ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். இர்ஃபான் ஸ்ரீரங்கத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தான். பெஞ்சில் மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே பாரத்தைத் தூக்கும்போது கை விட்டுவிட்டது. கம்பி நெஞ்சில் இறங்கி, அங்கிருந்து கழுத்தை நோக்கி உருண்டிருக்கிறது. தட்டுகள் நழுவாமலிருக்க இரண்டு முனையிலும் பூட்டு மாட்டியிருந்ததால் சாய்த்துக் கீழே தள்ளவும் வழியில்லை. பக்கத்தில் நின்ற நண்பன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் படத்தை நான் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. "தூக்குடா, தூக்குடா மச்சி, விடாத" என்று சிரிப்பும் கத்தலுமாக அதில் குரல்கள் கேட்கின்றன. அவன் கால்கள் தரையை உதைப்பதை ஆட்டம் என்றே அவர்கள் கொஞ்ச நேரம் நினைத்திருக்கிறார்கள். பிறகு யாரோ ஓடிவந்து கம்பியை எடுத்திருக்கிறார்கள். விலா எலும்பில் கீறல், கழுத்தில் ஒரு நீலக்கோடு, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வகுப்பில் ஒரு பெண் பெஞ்சை இழுத்தால் எனக்குக் கையிலிருக்கும் சாக்பீஸ் விழுந்துவிடுகிறது.

டாக்டர் சொன்ன ஓய்வு முடிந்துவிட்டது. மறுபடி போகட்டுமா என்று மகன் கேட்கிறான். இவனுடைய அத்தாவிடம் போனில் கேட்டால், "நீதான் பக்கத்துல இருக்கே, நீயே பாத்து சொல்லு" என்கிறார். பார்த்துப் பார்த்து எனக்குக் கண் எரிகிறதே தவிர பதில் வரவில்லை. தூக்கம் வராத நேரங்களிலெல்லாம் மனம் நான் பிறந்து வளர்ந்த பாலக்கரை வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டு வருகிறது.

என் அத்தாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. நாங்கள் அண்ணன் தங்கை இரண்டு பேர். அத்தாவின் தம்பி, எங்கள் சின்னத்தா, சவூதியில் தமாமில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். அவர் மனைவி, எங்கள் சின்னம்மா, எங்களோடு கூட்டுக் குடும்பமாக இருந்தார். அண்ணன் அப்போது பிளஸ் டூ முடித்திருந்தான். தெருவில் அவனுக்குப் பெயர் "ஊதுபத்தி". காற்றடித்தால் கூடவே போய்விடுவான் என்பார்கள். பெருநாளுக்குத் தைத்த சட்டையை அவன் போட்டுக்கொண்டு நின்றால் சட்டை தனியாக நிற்பதுபோல் இருக்கும். அவன் சின்னத்தாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று, உடம்பு வளர்க்கிற இரும்பு. கேட்டதும் சின்னத்தா கொண்டுவந்துவிட்டார், தமாமிலிருந்து, விமானத்தில்.

இன்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஊரிலிருந்து சபருக்குப் போனவர்கள் லீவில் வரும்போது சென்ட்டு, சோப்பு, கம்பளி, பால்பவுடர் என்று கட்டிக்கொண்டு வருவார்கள். இத்தனை கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு சாமானையும் தூக்கிப் பார்த்துத்தான் பெட்டியில் வைப்பார்கள். அந்தப் பெட்டியில் எங்கள் சின்னத்தா இரண்டாகக் கழற்றி மாட்டும் ஒரு கம்பியையும் ஒரு ஜோடி இரும்புத் தட்டையும் கம்பளியில் சுற்றி வைத்துக்கொண்டு வந்தார். விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் பிரித்துப் பார்த்து, "என்ன பாய் இது, தண்ணிக் குழாயா?" என்று கேட்டாராம். "உடம்பு வளக்குறதுக்கு சார்" என்று இவர் சொல்ல, அவர் சின்னத்தாவின் தொந்தியைப் பார்த்துவிட்டு, "அதான் நல்லா வளந்திருக்கே, போங்க" என்று விட்டுவிட்டாராம். இதைச் சின்னத்தாவே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். சின்னம்மா மட்டும் சிரிக்கமாட்டார். "எல்லார் வீட்டுக்கும் சென்ட்டும் சோப்பும் வருது. நமக்குத்தான் இரும்பு வருது" என்பார்.

அத்தாவுக்கும் விளங்கவில்லை. "பாலக்கரைல தெருவுக்குத் தெரு இரும்புக் கடை. இரும்புல என்னடா பாரின் இரும்பு?" என்பார். "உடம்புக்கு வேலை வேணும்னா மண்டிக்கு வா. மூட்டை ஏத்தி எறக்க ஆள் பத்தல. கூலியும் கெடைக்கும், ஒடம்பும் வளரும்" என்பார். ஆனால் அந்தக் கம்பிக்கு நம் ஊர்த் தட்டுகள் சேரவில்லை என்பதும் உண்மை. ஓட்டை பெரிதாக இருந்து லொடலொடவென்று ஆடும். தவிர, பாரின் சாமானோடு உள்ளூர் சாமானைச் சேர்த்து மாட்டுவதை அண்ணனால் தாங்கிக்கொள்ளவும் முடியவில்லை. ஆகவே பாரம் கூட வேண்டுமென்றால் சின்னத்தா வரவேண்டும். ஒரு லீவுக்கு ஒரு ஜோடி. பெட்டியில் அதற்குமேல் இடமில்லை. அவருக்கு லீவு கிடைப்பதோ கம்பெனியின் கையில் இருந்தது. என் அண்ணனுடைய தோளும் நெஞ்சும் எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதைத் தமாமில் யாரோ ஒரு மேனேஜர் முடிவு செய்துகொண்டிருந்தார்.

எப்படித் தூக்குவது என்பதும் அங்கிருந்தேதான் வந்தது, கேசட்டில். கடிதத்துக்குப் பதில் பேசிப் பதிவு செய்த கேசட்டை ஊருக்கு வருகிற யாரிடமாவது சின்னத்தா கொடுத்தனுப்புவார். நாங்கள் எல்லோரும் டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்காருவோம். முதலில் ஸலாம், பிறகு ஒவ்வொருவராக நலம் விசாரிப்பு, பிறகு யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன செய்தீர்கள் என்ற கேள்வி, அதற்கு நடுவே திடீரென்று அண்ணனுக்கான பகுதி வரும். கேம்ப்பில் அவரோடு தங்கியிருந்த ஒரு மிஸ்ரிக்காரர், அதாவது எகிப்து நாட்டவர், பாரம் தூக்குகிறவர். அவர் சொல்வதைக் கேட்டு இவர் எங்களுக்குச் சொல்வார். "தெனமும் தூக்காதப்பா. ஒருநாள் விட்டு ஒருநாள். தூக்குறப்ப உடம்பு வளராதாம், தூங்குறப்பதான் வளருமாம். அப்புறம், எறக்குறப்ப பொத்துனு போடாத, மெதுவா எறக்கு. ஏத்துறதவிட எறக்குறதுலதான் எல்லாம் இருக்காம். மச்சிக்கு மூட்டு வலி எப்படி இருக்கு?" மச்சி என்பது எங்கள் அம்மா. சின்னம்மா தன் பகுதிக்காகக் காத்துக்கொண்டிருப்பார். அது கடைசியில் வரும், அப்போது அம்மா எங்களை எழுப்பி உள்ளே அனுப்பிவிடுவார்.

பாரம் கூட்ட முடியாதவன் என்ன செய்வான்? அண்ணனுக்கு இருந்தது அதே கம்பி, அதே தட்டு. ஆரம்பத்தில் அதையே நெஞ்சிலிருந்து ஏற்ற முடியாமல் கழுத்து நரம்பு புடைக்கும். சில வாரத்தில் அது பழகிவிட்டது. பழகியதும் இன்னும் சில தடவை சேர்த்துத் தூக்கினான். அதுவும் பழகியதும் இறக்குவதை மெதுவாக்கினான். கீழே வந்ததும் நெஞ்சின் மேல் ஒரு மூச்சு நேரம் அப்படியே நிறுத்தி, அதன் பிறகு ஏற்றினான். நடுவில் உட்கார்ந்து இளைப்பாறுவதைக் குறைத்தான். நோன்பு மாதத்தில் இரும்பைத் தொடமாட்டான். பெருநாள் முடிந்து மாடிக்குப் போனால் அதே பாரம் அவனை மிரட்டும், முகம் சுருங்கிப்போகும், பாதியோடு இறங்கிவிடுவான். மறுவாரம் கொஞ்சம் கூடும். அதற்கடுத்த வாரம் விட்ட இடத்துக்கு வந்துவிடுவான். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டே நான் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். பார்க்க அலுப்பான காட்சி அது. ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. சின்னத்தா லீவில் வந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. வாசலில் நின்று, "யாரு இது?" என்று அவர் உண்மையாகவே கேட்டார். அண்ணன் சட்டைக்குள் நிறைந்திருந்தான். அந்த முறை வந்த ஜோடி முன்னதைவிடப் பெரியது. தெருவில் "ஊதுபத்தி" என்ற பெயர் மெல்ல நின்றுபோனது.

அதற்கடுத்த லீவு வரவில்லை. கம்பெனி கைமாறுகிறது, இப்போது விடமாட்டார்கள் என்று கேசட் வந்தது. பிறகு பெருநாள் கழித்து என்று ஒரு கேசட். பிறகு ஹஜ் முடியட்டும் என்று இன்னொன்று. அண்ணன் அந்த இரண்டு ஜோடிகளோடு செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தான், அல்லது அப்படி நினைத்தான். கல்லூரியில் அவனோடு படித்தவர்கள் எவ்வளவு தூக்குகிறார்கள் என்று வந்து சொல்வான். ஒருநாள் மண்டியிலிருந்து இரண்டு எடைக்கல்லைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தான். மேலே கைப்பிடி வைத்த, மூட்டை நிறுக்கிற பெரிய இரும்புக்கல். உள்ளூர் இரும்பு என்ற கூச்சம் அப்போது அவனுக்குப் போய்விட்டிருந்தது. வெங்காய மூட்டை தைக்கிற சணல் கயிற்றால் கம்பியின் இரண்டு முனையிலும் அவனே கட்டினான். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வந்த நேரம், மாடித் தரை இன்னும் காலைச் சுட்டுக்கொண்டிருந்தது. நின்றபடி தலைக்கு மேலே தூக்கினான். ஏறிவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே ஒரு பக்கத்துக் கயிறு நழுவிக் கல் விழுந்தது. பாரம் முழுவதும் மறுபக்கம் சாய்ந்து கம்பி அவனுடைய இடது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. கல் விழுந்த இடத்தில் தரை ஓடு உடைந்து தூள் கிளம்பியது. அவன் கத்தவில்லை. கை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

பெரியாஸ்பத்திரியில் விலகியிருந்த தோளை ஏற்றிக் கட்டுப் போட்டு அழைத்து வந்தார்கள். வந்ததும் அத்தா மாடிக்குப் போனார், நானும் பின்னால் போனேன். அடிப்பார், கம்பியைத் தூக்கித் தெருவில் வீசுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் குந்தி உட்கார்ந்து, இன்னும் கட்டவிழாமல் இருந்த மறுபக்கக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். இரண்டு கல்லையும் ஓரமாக வைத்தார். "காலைல எடை போடணும்" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. கீழே வந்து அண்ணனின் கட்டிலருகே நின்று, "போதும்" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. எங்கள் வீட்டில் அத்தா இரண்டு முறை சொல்லும் வழக்கம் இல்லை.

இதையெல்லாம் சின்னத்தாவுக்குச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. கேசட்டில் எல்லோரும் நலம் என்றே பேசி அனுப்பினோம். அவருக்கு ஒருவழியாக லீவு கிடைத்தது. டாக்ஸியிலிருந்து இறங்கி நடுக்கூடத்தில் பெட்டியைத் திறந்து, ஸலாம் சொன்ன கையோடு, கம்பளியை விரித்தார். முன் இரண்டையும்விடப் பெரிய ஜோடி. இதற்காகச் சின்னம்மாவுக்கு வாங்கிய மிக்ஸியை அங்கேயே ஒருவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். "எங்க அவன்? வரச்சொல்லு, தூக்கிப் பாக்கட்டும்" என்றார். அண்ணன் கதவருகே வந்து நின்றான். இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. சின்னம்மாதான் கேட்டார்: "இத வச்சு நான் என்ன பண்ண? கம்மலா செஞ்சு மாட்டிக்கவா?" சின்னத்தா சிரிக்கப் பார்த்து, எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தடை போட்ட அத்தாவை நான் மனதுக்குள் நெடுநாள் மன்னிக்கவில்லை. அண்ணனிடமிருந்து எதையோ பிடுங்கிவிட்டார் என்றே நினைத்திருந்தேன். அண்ணன் தோள் சரியான பிறகும் மாடிக்குப் போகாமல், கல்லூரியை முடித்து, அவனும் சபருக்குப் போய், இன்று சார்ஜாவில் ஒரு பெரிய கடையில் சூப்பர்வைசராக இருக்கிறான். சின்னத்தாவைவிடப் பெரிய தொந்தி. போன வாரம் இர்ஃபானைப் பற்றிச் சொல்வதற்காக அவனைக் கூப்பிட்டேன். "அத்தா உன்ன நிறுத்துன மாதிரி நானும் இவன நிறுத்திரவா? உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு" என்றேன்.

"எனக்கா? கஷ்டமா?" என்று சிரித்தான். "நல்ல காலம் நிறுத்துனாரு. மறுபடி அந்தக் கம்பி கிட்டயே போக முடியாதுன்னு இருந்தேன். கை நடுங்குது. யார்ட்ட சொல்றது? தெருவுல கேட்டா, அத்தா வேணாம்ட்டாருன்னு சொல்லிட்டேன். மானம் தப்பிச்சுது." பிறகு, "ஆனா அவரு நிறுத்தாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னும் அப்பப்ப தோணும்" என்றான். அப்படியென்றால் இப்போது நான் என்ன செய்ய என்று கேட்டதற்கு, "எனக்கு எப்படித் தெரியும், உன் புள்ள" என்று வைத்துவிட்டான்.

அதிலிருந்து எனக்குப் பாரம் குறையவில்லை, கூடிவிட்டது. தடுப்பதா விடுவதா என்று மட்டும் இருந்த இடத்தில், தடுக்கவேண்டும் என்று இர்ஃபானே எதிர்பார்க்கிறானோ என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. நேற்றுக் காலை இட்லி வைத்துவிட்டு நேரடியாகவே கேட்டேன், "பயமா இருக்காடா?" "சேச்சே" என்றான், தட்டைப் பார்த்தபடி. அப்படியானால் போ, ஆனால் தட்டு எதுவும் மாட்டாமல் வெறும் கம்பியிலிருந்து தொடங்கவேண்டும், வாரத்துக்கு மிகக் கொஞ்சமாகத்தான் ஏற்றவேண்டும், தலைமாட்டில் போன் பிடிக்காத ஒருவர் நிற்கவேண்டும் என்றேன். "வெறும் ராடா? எல்லாரும் சிரிப்பாங்கம்மா" என்றான். சிரிக்கட்டும் என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

பாலக்கரை வீடு இப்போது கை மாறி, இடித்து, அந்த இடத்தில் ஜவுளிக் கிடங்கு வந்துவிட்டது. சின்னத்தாவும் அத்தாவும் மவுத்தாகிவிட்டார்கள். மூன்று ஜோடித் தட்டும் கம்பியும் வீட்டைக் காலி செய்தபோது பழைய இரும்புக்குப் போயின. கேசட்டுகளைச் சின்னம்மா வைத்திருந்தார், அவருக்குப் பிறகு அவை எங்கே என்று தெரியவில்லை. இர்ஃபானின் ஜிம்மில் விரலளவு தட்டிலிருந்து சக்கரமளவு தட்டு வரை சுவர் நெடுக அடுக்கி வைத்திருக்கிறார்கள், ரப்பர் உறை போட்டு, கம்பியில் தவிர வாசமே இல்லாமல். யாரும் யாருடைய லீவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கையை நீட்டினால் அடுத்த பாரம் கிடைக்கிறது. இன்று வேண்டாம், இதையே இன்னும் கொஞ்சநாள் தூக்கு என்று சொல்வதற்கு அங்கே ஒரு பெட்டியோ ஒரு மேனேஜரோ இல்லை. அதை இனி அவனேதான் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும், பத்தொன்பது வயதில்.

இன்று மாலை ஸ்கூட்டியில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். மேலே வரவேண்டாம் என்றான். தெருவில் பூக்கடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாடியிலிருந்து இரும்பு விழும் சத்தம் வரும்போதெல்லாம் பூக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்; நான் ஏதாவது முனகியிருப்பேன். நினைத்ததைவிடச் சீக்கிரம் இறங்கி வந்தான். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வெறும் ராடுதான். ஒருத்தன், 'என்னடா, துணி காயப்போடப் போறியா'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல." ஹெல்மெட் வாரை மாட்ட வரவில்லை அவனுக்கு, விரல் நழுவிக்கொண்டே இருந்தது. நான் மாட்டிவிடவில்லை, காத்திருந்தேன். மாட்டி முடித்துப் பின்னால் ஏறி உட்கார்ந்த பிறகு, என் முகம் தெரியாத இடத்திலிருந்து சொன்னான்: "படுத்து மேல பாத்தப்ப பயமா இருந்துச்சும்மா. ரொம்ப."

நான் வண்டியை எடுக்கவில்லை. இனி போகமாட்டேன் என்று சொல்வானோ என்று பார்த்தேன். சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்குமா என்றும் பார்த்தேன், தெரியவில்லை.

"திங்கக்கிழமையும் கொண்டாந்து விடுறியா?" என்று கேட்டான்.

விடுகிறேன் என்றேன்.